டெங்கு போய் அஞ்சு வாரம் ஆகிறது, அசதி போகவில்லை, சுகரும் இறங்கவில்லை

ஸ்பேனர்_மதுரை
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், வயது 51, சுகர் வந்து 9 வருஷம். ஐப்பசி மழையில் டெங்கு வந்து 6 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிளேட்லெட் 38,000 வரைக்கும் இறங்கி அப்புறம் தானாக ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து அஞ்சு வாரம் ஆகிறது, காய்ச்சல் துளி இல்லை, ஆனால் உடம்பில் ஆளே இல்லாத மாதிரி இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும், போன வாரம் அப்படிப் பிடித்தது இப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டியின் சைலன்சர், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. புல்லட்டை ஒரு உதை உதைத்தால் ஸ்டூலைத் தேடுகிறேன். எடை 5 கிலோ போய்விட்டது.

சுகர் முன்பெல்லாம் வெறும் வயிற்றில் 120, 130 இருக்கும், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 180. இப்போது 170-190, சாப்பிட்ட பிறகு 280க்கு மேல். வீட்டில் ரெண்டு கட்சி. மனைவி கட்சி, நல்லா சாப்பிட்டால்தான் தெம்பு வரும் என்கிறது. மச்சான் கட்சி, இவ்வளவு சுகரை வைத்துக்கொண்டு வாயைக் கட்டாவிட்டால் எப்படி என்கிறது. காலையில் ஒரு கட்சி ஆட்சி, ராத்திரி இன்னொரு கட்சி ஆட்சி. யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.

ரிட்டையர்டு_வாத்தியார்
தம்பி, எனக்கு இரண்டு வருஷம் முன்பு டெங்கு. அசதி முழுசாகப் போக இரண்டரை மாதம் ஆனது. அது போன பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டும், திரும்ப முளைக்கும் என்று டாக்டர் சொன்னார், எனக்குக் கொட்டுவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. பயப்படாதீர்கள், அஞ்சு வாரம் என்பது அதிகம் இல்லை. நிலவேம்புக் குடிநீர் தொடர்ந்து குடியுங்கள், பப்பாளி இலைச் சாறும் எடுங்கள்.

வெள்ளைச்சோறு_விரோதி
அசதிக்குக் காரணமே அரிசிதான் தலைவா. அரிசி, கோதுமை, பழம் எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். முட்டை, பன்னீர், கீரை, நெய். ரெண்டே வாரத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம், நான் போட்டேன்.

வார்டு_அக்கா
விரோதி தம்பி, ஒரு நிமிஷம். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் இப்படிச் சொல்லாதீர்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் லோ சுகரில் மயங்கி விழுவார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் வேறு ஆபத்து, சுகர் ரொம்ப ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும், அதனால்தான் சரியாகச் சாப்பிடாத நாட்களில் அதை நிறுத்தச் சொல்கிறோம். படுத்து எழுந்த உடம்பில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். நான் 22 வருஷம் மெடிக்கல் வார்டில் நர்ஸாக இருந்தவள், டாக்டர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பேனர் அண்ணே, மூன்று விஷயம் எழுதுங்கள். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாய்க்குள் போனது எல்லாம், காபி உட்பட. இப்போது சாப்பிடும் மாத்திரைகள், பெயர், அளவு, நேரம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு சாப்பிட்ட மாத்திரைகள். அப்புறம் அந்தக் கைப் புண் எப்படி இருக்கிறது? சுகர் 280ல் கொப்புளம் என்றால் அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்பேனர்_மதுரை
அக்கா நன்றி. கை காய்ந்துவிட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

நேற்று: காலை 6க்கு காபி, நாட்டுச்சர்க்கரை ஒரு ஸ்பூன். 8 மணிக்கு அரிசிக் கஞ்சி ஒரு சொம்பு, தொட்டுக்க துவையல். 11க்கு மாதுளை ஜூஸ் ஒரு டம்ளர் (ரத்தம் ஊறும் என்று மனைவி தினமும் உரித்துப் பிழிகிறாள், மூன்று நாலு பழம் போகும்). 1 மணிக்கு சோறு, ரசம், வாழைக்காய் பொரியல். 4க்கு பால் கலந்த சத்து மாவு பானம், பேரீச்சம்பழம் நாலு. 6க்கு இளநீர். ராத்திரி மச்சான் வந்ததால் ரெண்டு இட்லி மட்டும், அவர் எதிரில் உட்கார்ந்து எண்ணினார்.

மாத்திரை இப்போது: கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில், சத்து மாத்திரை ஒன்று. முன்பு: அதே கிளிமிபிரைடு, கூடவே மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும்.

வார்டு_அக்கா
மெட்ஃபார்மின் எங்கே போனது?

ஸ்பேனர்_மதுரை
டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த மாத்திரையைத்தான் மெடிக்கலில் வாங்கினோம். அதில் அது இல்லை. வேண்டாம் என்றுதான் எழுதவில்லை போல என்று விட்டுவிட்டோம்.

வார்டு_அக்கா
அண்ணே, இது ரொம்ப நடக்கிற கதை. காய்ச்சலில் வாந்தி இருக்கும், தண்ணீர்ச்சத்து குறைந்திருக்கும், கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையலாம், அந்த நேரத்தில் மெட்ஃபார்மினை நிறுத்துவது சரியான வேலைதான். ஆனால் நிறுத்தியதைத் திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்று சீட்டில் யாராவது எழுத வேண்டும், அதுதான் விட்டுப்போகிறது. ஒன்பது வருஷமாக தினமும் 2000 மி.கி. சாப்பிட்ட உடம்பு அஞ்சு வாரமாக அது இல்லாமல் இருக்கிறது, அதோடு தினமும் மாதுளை ஜூஸ் வேறு. 280 வராமல் என்ன வரும்? ஆனால் நீங்களாகப் பழைய டப்பாவைத் திறந்து ஆரம்பித்துவிடாதீர்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சுகருக்குப் பார்க்கும் டாக்டர் ஆரம்பிக்கட்டும். நாளைக்கே போங்கள்.

அசதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ரத்தத்தில் சுகர் ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் கிட்னியால் பிடித்துவைக்க முடியாது, சிறுநீரில் போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அண்ணி கொடுக்கிற தெம்பெல்லாம் பாத்ரூமுக்குப் போகிறது. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? மூன்று நாலு தடவை என்றால் தூக்கமும் போச்சு, எடையும் போச்சு. அதே நேரம் மச்சான் கட்சியும் தப்பு. ரெண்டு இட்லியோடு படுத்தால் கரைந்துபோன சதை எங்கிருந்து ஊறும்? ஆறு நாள் கட்டிலில் கிடந்ததில் தொடைச் சதை இறங்கியிருக்கும், நீங்கள் எழுந்திருக்கக் கைப்பிடி தேடுவது அதனால்தான். சதைதான் சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைக்கிற பெரிய குடோன், அது சுருங்கினால் சுகர் ரத்தத்திலேயே நிற்கும்.

தூக்கமில்லாதவள்
அக்கா சொல்வதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அம்மாவுக்கு 2021ல் கொரோனா, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு போட்டார்கள், சுகர் 400 தாண்டி இன்சுலின் 24 யூனிட் வரைக்கும் ஏற்றினார்கள். வீட்டுக்கு வரும்போது ஸ்டீராய்டு முடிந்துவிட்டது, இன்சுலின் மட்டும் அதே 24. ஐந்தாவது நாள் ராத்திரி 3 மணிக்கு அம்மா, தாத்தா வாசலில் நிற்கிறார் கதவைத் திற என்றார்கள், தாத்தா போய் 20 வருஷம் ஆகிறது. நெற்றி, கழுத்து, நைட்டி எல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி வேர்வை. மீட்டரில் 48. நல்லவேளை முழுங்கும் நினைவு இருந்தது, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன், 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 66, திரும்பவும் மூன்று ஸ்பூன், அப்புறம் 92. அதற்கு மேல் ரெண்டு பிஸ்கட்டும் கொஞ்சம் பாலும் கொடுத்து விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் டாக்டர் பாதியாகக் குறைத்தார்.

நோயில் உடம்பு கார்டிசால், அட்ரினலின் என்று ஹார்மோன்களைச் சுரந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கொட்டும், சாப்பிடாமலேயே ஏறும். நோய் இறங்கும்போது அதுவும் இறங்கும், மருந்து மட்டும் இறங்காமல் நின்றால் இப்படித்தான். அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் ரெண்டு வாரம் சீட்டை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

கம்பம்_தோட்டக்காரன்
மீட்டரையும் கையைக் கழுவிவிட்டு நம்புங்கள் 😄

ஸ்பேனர்_மதுரை
தோட்டக்காரர் அண்ணன் என்ன நேரத்தில் சொன்னாரோ. இன்று மனைவிக்கு உதவியாக நான்தான் மாதுளை உரித்தேன் (கடைசி மாதுளை, அக்கா சொன்ன பிறகு பழமாக நாலு ஸ்பூன் சாப்பிட்டு ஜூஸை நிறுத்தியாச்சு). கையை லுங்கியில் துடைத்துவிட்டு விரலைக் குத்தினேன், 342. வயிறு கலங்கிவிட்டது. இந்தப் பதிவு ஞாபகம் வந்து சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு வேறு விரலில் குத்தினேன், 226. ஒரே நிமிஷத்தில் 116 குறைத்த வைத்தியன் நான்.

வார்டு_அக்கா
பழச்சாறு விரலில் ஒட்டியிருந்தால் அப்படித்தான் காட்டும். வார்டில் இதனால் ஒருவருக்கு இன்சுலின் போடப் போய்த் தடுத்திருக்கிறேன். இன்னொன்று, ரத்தசோகை ரொம்ப இருந்தால் விரல்குத்து மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், டெங்கு உச்சத்தில் ரத்தம் கெட்டியாகும்போது குறைவாகக் காட்டும். எண் உடம்போடு பொருந்தவில்லை என்றால் லேபில் ஒரு தடவை பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வாத்தியார் ஐயா, பப்பாளி இலை பிளேட்லெட்டுக்காகச் சொல்வது, அவருக்கு அது ஏறியே அஞ்சு வாரம் ஆகிறது. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சரக்கு, அரசாங்கமே டெங்கு காலத்தில் கொடுத்ததுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் குடிக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். கசப்பு வயிற்றைப் பிரட்டிச் சாப்பாடு குறைந்தால் அதுவும் பிரச்சினைதான்.

கஞ்சியைத் தனியாகக் குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஏறும், குழைய வெந்த அரிசி சீக்கிரம் செரித்துவிடும். அதே கஞ்சியில் பாதி அரிசி, பாதி பாசிப்பயறு போட்டு, கூட ஒரு அவித்த முட்டை. பாசிப்பயறு 100 கிராமில் 24 கிராம் அளவு புரதம், முட்டை ஒன்றில் 6 கிராம். மதியம் சோறு ஒரு கப், அதே அளவு மீன் குழம்போ கோழியோ, சைவம் என்றால் கெட்டிப் பருப்பும் தயிரும், காய் ரெண்டு கரண்டி. சாயங்காலம் சத்து மாவுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், மோர். அந்தச் சத்து மாவு பானத்தின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், கேழ்வரகும் மாவுதான், 100 கிராமில் கிட்டத்தட்ட 70 கிராம் மாவுச்சத்து, கூழாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் ஏறும். இளநீர் வாரத்தில் ரெண்டு நாள் போதும், கிட்னியில் குறை இருக்கிறவர்கள் பொட்டாசியத்துக்காக அதையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். புரதம் கூட்டுவதற்கும் கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும், அதையும் நாளைக்கே கேளுங்கள்.

வெள்ளைச்சோறு_விரோதி
அக்கா நானும் அதைத்தானே சொன்னேன், புரதம் கூட்டு, மாவைக் குறை.

வார்டு_அக்கா
குறை என்பதும் நிறுத்து என்பதும் ஒன்றா தம்பி? மாத்திரையைத் தூக்கிப் போடு என்றும் சொன்னீர்கள்.

வெள்ளைச்சோறு_விரோதி
அது என் அனுபவம். சரி, வாபஸ்.

ஸ்பேனர்_மதுரை
டாக்டரைப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சீட்டை அவர் ரெண்டு தடவை புரட்டிவிட்டு, அஞ்சு வாரமா, என்றார், அவ்வளவுதான் கேட்டார், எனக்கே கூச்சமாகிவிட்டது. கிரியாட்டினின் 0.9, ஈரல் டெஸ்ட் சரியாகிவிட்டது. மெட்ஃபார்மின் முதல் வாரம் 500 ரெண்டு வேளை, அப்புறம் பழைய அளவு. ஹீமோகுளோபின் 11.4. தைராய்டு சரி. வைட்டமின் பி12 மட்டும் 148, குறைவு என்று ஊசி போடச் சொல்லியிருக்கிறார், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கால் பாதத்தில் ஒரு வருஷமாக ஊசி குத்துகிற மாதிரி இருந்ததை நான் நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்திருந்தேன்.

வார்டு_அக்கா
மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, வருஷம் ஒரு தடவை பி12 பார்த்தால் போதும். பாதத்தில் குத்தல் சுகராலும் வரும், பி12 குறைவாலும் வரும், ரெண்டும் சேர்ந்தும் வரும். இனிமேல் செருப்பில்லாமல் ஒர்க்‌ஷாப்பில் நடக்காதீர்கள், போல்ட் குத்தினால்கூடத் தெரியாது.

ஸ்பேனர்_மதுரை
ஒரு தப்பு பண்ணிவிட்டேன். சுகர் 150க்கு வந்த சந்தோஷத்தில் நேற்று காலையில் கடைப் பையனோடு வைகை ஆற்றங்கரை வரை போய் 5 கிலோமீட்டர் நடந்துவிட்டேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, நல்லாவே இருந்தது. இன்று எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் நாட்களில் இருந்த அதே கை கால் வலி. திரும்ப டெங்குவா?

கம்பம்_தோட்டக்காரன்
காய்ச்சல் இல்லைதானே? அப்படியென்றால் இது மறுநாள் அடி. எனக்கு கொரோனாவுக்குப் பிறகு நாலு மாதம் இதே பாடு. கோடையில் ஊற்றுக் கிணற்றில் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டினால் சாயங்காலத்துக்குள் ஊறிவிடும், மூன்று மணி நேரம் ஓட்டி அடிமண் வரைக்கும் உறிஞ்சினால் ரெண்டு நாள் மூடி வைக்க வேண்டும், மோட்டாரும் புகையும். உடம்பும் அந்தக் கிணறுதான் இப்போது. நல்லா இருக்கிறது என்று தோன்றுகிற நாளில்தான் நிறுத்த வேண்டும், அது பெரிய கஷ்டம், ஏனென்றால் பத்து நாள் கழித்து அன்றைக்குத்தான் மனுஷனாகியிருப்போம்.

நான் செய்தது: காலை, மதியம், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வீட்டு முற்றத்தில் 7 நிமிஷம் நடை, அவ்வளவுதான். மறுநாள் அசதி கூடவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து 9 நிமிஷம். கூடியது என்றால் திரும்ப 5. சாப்பிட்ட உடனே நடப்பதில் சுகரும் கொஞ்சம் இறங்கும், சதை வேலை செய்யும்போது இன்சுலினை ரொம்ப எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முதல் வாரம் 5 தடவை, கையை ஊன்றிக்கொண்டே. உங்களுக்குக் குத்தவைக்கிற வேலை என்பதால் இதுதான் முக்கியம். வெறும் வயிற்றில், கிளிமிபிரைடு போட்டுவிட்டு நீண்ட நடை மட்டும் கூடவே கூடாது, சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.

வார்டு_அக்கா
அருமை. நெஞ்சு வலி, படபடப்பு நிற்காமல் இருப்பது, படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம் இதில் ஒன்று இருந்தாலும் அசதி என்று வீட்டில் உட்காராமல் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். சுகர் 300க்கு மேலே நின்று வாந்தியும் வந்தால் அன்றே அவசரப் பிரிவு.

தூக்கமில்லாதவள்
ஸ்பேனர் அண்ணா, கடையை எத்தனை மணி நேரம் திறக்கிறீர்கள்? கேட்கக் காரணம் இருக்கிறது. அம்மா தேறியதே நாங்கள் சமையலறையில் ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்ட பிறகுதான், நின்றுகொண்டே வேலை செய்யும் பிடிவாதம் அவர்களுக்கு.

ஸ்பேனர்_மதுரை
காலை 9லிருந்து ராத்திரி 8. கடன் இருக்கிறது தங்கச்சி, மூட முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதும் ஒன்று தோன்றியது. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டி ஏற்றும் ராம்பைச் சரி பண்ணினோம், இப்போது வண்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது, நான் குத்தவைக்கத் தேவையில்லை. மதியம் 2லிருந்து 3 ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுக்கிறேன்.

ஸ்பேனர்_மதுரை
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்று காலை வெறும் வயிற்றில் 118, நேற்று மதியம் சாப்பிட்ட பிறகு 171. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். எடை 2 கிலோ திரும்பியிருக்கிறது. ரெண்டு நாள் முன்பு மதியச் சாப்பாடு தள்ளிப்போனதில் கை நடுங்கியது, 68, மிட்டாய் சாப்பிட்டு, டாக்டருக்குப் போன் போட்டேன், கிளிமிபிரைடைப் பாதியாக்கியிருக்கிறார். தூக்கமில்லாதவள் தங்கச்சி சொன்னது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. நாற்காலியில் கை ஊன்றாமல் 8 தடவை எழுகிறேன். வீட்டில் ரெண்டு கட்சியும் கூட்டணி, பயறுக் கஞ்சியில் உப்பு போதுமா என்பதில் மட்டும் சண்டை.

புதுசு_2
அண்ணா, எனக்கு சிக்குன்குன்யா வந்து ஆறு வாரம், மூட்டு வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், வலி போய்விட்டது, சுகர் 310. இதற்கும் பயறுக் கஞ்சி உதவுமா?

வார்டு_அக்கா
அந்த மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, கஞ்சி ஒன்றும் செய்யாது. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், பல நாள் சாப்பிட்டிருந்தால் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அட்டையையும் மீட்டர் எண்களையும் எடுத்துக்கொண்டு இன்றே சுகர் டாக்டரிடம் போங்கள்.

ஸ்பேனர் அண்ணே, புல்லட்?

ஸ்பேனர்_மதுரை
அது இன்னும் கடைப் பையன்தான் உதைக்கிறான் அக்கா.